மறுநாள் கெட்டுப்போன இன்ஹேலர்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் துப்பறிவாளர் பரமேஸ்வரனின் மாடியறைக்கு லோகேஸ்வரி பதற்றத்தோடு வந்தாள். கிள்ளானில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். லோரி ஓட்டுநர் நாகையாவுக்கு அவள் கொடுத்த இன்ஹேலர் போலி என்று அவருடைய மனைவி தனலெட்சுமி முதலாளியிடம் புகார் செய்துவிட்டாராம். நாளைக்குள் உண்மை தெரியாவிட்டால் வேலை போய்விடும்.

பரமேஸ்வரன் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். உதவியாளன் விமலனோ அதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிட்டான். சரக்கு அனுப்பியவன்தான் ஏமாற்றியிருக்கிறான் என்றான். இப்படி முந்திக்கொண்டு மூக்குடைபடுவது அவனுக்குப் புதிதல்ல.

மூவரும் கிள்ளானில் நாகையாவின் வீட்டுக்குப் போனார்கள். நாகையா நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினார். பார்க்கவே பாவமாக இருந்தது. பழைய அமுக்கும் இன்ஹேலருக்குப் பதில், தூள் மருந்தை உறிஞ்சும் இந்தப் புது வகை வந்த பிறகுதான் இந்தப் பாடு. மூன்று வாரத்தில் இது மூன்றாவது.

எத்தனை வேளை மருந்து மீதி என்று அதில் காட்டும் எண்ணைப் பரமேஸ்வரன் பார்த்தார். தினமும் தவறாமல் இழுத்த கணக்குக்குச் சரியாகக் குறைந்திருந்தது.

"இழுக்கும்போது நாக்குல ஏதாவது தெரியுதா அண்ணே?"

"முதல் நாள் லேசா இனிக்கும். மூச்சும் நல்லா வரும். மறுநாள்லேருந்து ஒண்ணுமே இல்ல லா. மூணும் அப்படித்தான்."

தேநீர் குடித்த தம்ளர்களைத் தனலெட்சுமி உடனே கழுவிக் கவிழ்த்தார். அவற்றின் நடுவே இன்ஹேலரின் மூடியும் கவிழ்ந்திருந்தது. விமலனும் அதைப் பார்த்தான். சுத்தமான வீடு என்று மட்டும் நினைத்துக்கொண்டான்.

"போலியா இருந்தா முதல் நாளும் மூச்சு நல்லா வந்திருக்காது, அக்கா," என்றார் பரமேஸ்வரன். "நல்ல மருந்துதான் வீட்டுக்கு வருது. ஒரு ராத்திரியில கெட்டுப்போகுது. அண்ணன் இழுத்ததும் இதை என்ன பண்றீங்க?"

"வாயில வெச்சது எச்சில் இல்லையா? குழாயில கழுவித்தான் வைப்பேன். பழசைக் கழுவத்தானே சொன்னாங்க."

"பழசுல மருந்துக் குப்பியைத் தனியா எடுத்துட்டு பிளாஸ்டிக் உறையைக் கழுவலாம். இதுல தூள் உள்ளேயே இருக்கு. ஈரம் பட்டா கட்டியாயிடும். எண் ஓடும், மருந்து வராது. வாய் வைக்கிற இடத்தைக் காய்ந்த துணியால துடைச்சாலே போதும்."

நாகையா தலை குனிந்தார். தண்ணீர் படக்கூடாது என்று லோகேஸ்வரி அவரிடம் சொல்லியிருந்தாள். அவர் அதை மழைக்கு மட்டும் என்று எடுத்துக்கொண்டு, லோரியில் பத்திரமாகப் பொத்தி வைத்திருந்தார். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தனலெட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. "மூணு வாரமா இவரோட மூச்சை நானே கழுவி ஊத்தியிருக்கேன்," என்றார்.

அப்படியே கிளம்பிக் கடைக்குப் போனார். முதலாளியிடம் தவறு தன்னுடையது என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டு, நான்காவது இன்ஹேலரை லோகேஸ்வரியின் கையிலிருந்துதான் வாங்குவேன் என்று நின்றார்.