வலது முனை

அக்காவின் பொருள்களை வாங்கிப்போக ஆய்வகத்துக்கு வந்திருந்தேன். மத்தியான வெயில் தரையில் கிடந்தது. எண்ணெய் வாடை. பெரிய குளிர்கலத்தைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். உள்ளே செம்புத் தட்டுகள் மட்டும் தொங்கின. அதில் வைக்கும் மின்னணுச் சில்லும் இல்லை, குளிரும் இல்லை.

அந்தச் சில்லில், மின்தடையே இல்லாத மீக்கடத்தியோடு இணைத்த குவாண்டம் புள்ளிகளின் வரிசையில் பூஜ்ய ஆற்றல் நிலை ஒன்றை உருவாக்குவதுதான் அவள் வேலை. அது இரண்டு பாதியாகத்தான் பிறக்கும், முனைக்கு ஒன்றாக. இரு முனைகளின் வரைகோட்டிலும் நடுவே மேடு எழுந்தால் நிஜம். ஒன்றில் மட்டும் எழுந்தால் ஏமாற்று. அவளுடைய பேராசிரியர் குமிழைத் திருகித் திருகி இடது முனையில் மேட்டை வரவழைத்தார். வலது முனையை அளந்ததை அழித்தார். குட்டு உடைந்ததும் பழி முழுக்க அக்கா தலையில் விடிந்தது. வேலை போயிற்று. பிறகு அவளும் போனாள்.

"அழிச்சது நீங்கதான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார். அம்மா அதுக்காகத்தான் உயிரைக் கையில பிடிச்சிட்டு இருக்காங்க" என்றேன் அவரிடம்.

"போனவங்க மேல பழி இருந்தா யாருக்கும்மா நஷ்டம்?" என்றார் பேராசிரியர்.

பாவி.

அப்போது அளவுக் கருவியின் திரை தானாக விழித்தது.

இடது கோட்டின் நடுவே, பூஜ்யத்தில், மெல்ல ஒரு மேடு எழுந்தது.

"சில்லே உள்ள இல்லையே..." என்று முணுமுணுத்தார். "கேபிள் கோளாறு."

வலது கோடு தட்டையாகக் கிடந்தது. கேபிள்களைப் பிடுங்கப் போனவர் முதலில் வலது கேபிளின் முனையைத் தொட்டார்.

வலது கோட்டிலும் மேடு.

கையை எடுத்தார். தட்டை.

தொட்டார். எழுந்தது.

வெயில் அப்படியே இருக்க, அறை சில்லிட்டது. என் மூச்சு புகையாக வந்தது.

"மறுபாதி... எங்கிட்டயா இருக்கு?" என்றார்.

"எழுதிக் குடுத்துருங்க சார். அக்கா விட்டுருவா."

மனிதர் என்ன செய்தார் தெரியுமா? வலது கோட்டை அழித்தார். பழக்கதோஷம்.

அழித்த இடத்திலேயே அது மறுபடி எழுந்தது.

இப்போது அவர் வேறு ஆய்வகத்தில் இருக்கிறார். அவர் தொடும் கருவியிலெல்லாம் நடுவே அந்த மேடு வருகிறது என்று அங்கே வேலை பார்க்கும் அக்காவின் தோழி சொன்னாள். அவர் அளந்ததை யாரும் நம்புவதில்லை. ஒரு வரி எழுதினால் தீர்ந்துபோகும், எழுதமாட்டாராம். கௌரவம்.

போன மாதம் அம்மாவும் போய்விட்டாள், அந்த வரியைப் பார்க்காமலே. காரியமெல்லாம் முடிந்த அன்று தோழி கூப்பிட்டாள்.

"அவர் திரையில ஒரே கோட்டுல இப்ப ரெண்டு மேடுடி. ஒட்டி ஒட்டி நிக்குது."