உப்புத் தண்ணிக் குடுவை

காலை ஆறே முக்கால். நோர்வூட் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்து நிறுக்கும் பழைய மடுவத்தை ஆய்வுகூடமாக்கியிருந்தார்கள். வினோதா கதவைத் திறந்தாள். அலுமாரியில் குடுவை இல்லை. பூட்டும் உடையவில்லை.

போனது லேசுப்பட்டதா என்ன? புத்தளம் களப்புச் சேற்றில் அவள் தேடிப் பிடித்த பூஞ்சணம் அது. கடல்தண்ணி அளவு உப்பில் வளர்ந்து, நொதியம் சுரந்து, தேயிலைச் செடியில் கவ்வாத்து வெட்டிய குச்சியையே கூழாக்கிவிடும். வேறு பூஞ்சணம் அந்த உப்பில் தலைதூக்காது. மாற்றுக் குடுவை போன வாரம்தான் கெட்டுப்போனது. மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

சாவி இருந்தது மூன்று பேரிடம்: வினோதா, அவளுடைய உதவியாளன் மிலான், இரவு வாச்சர் முத்துலிங்கம். முத்துலிங்கம் அவளுடைய அப்பா. தோட்டத்தை நடத்தும் தொரைக்கு அது போதும்.

"அப்பனும் மகளுமா சேர்ந்து வித்துட்டீங்க. பொழுது சாயறதுக்குள்ள லயத்தக் காலி பண்ணணும்."

லயத்து வரிசையில் ஒற்றை அறைக் காம்பரா அது; முத்துலிங்கம் பிறந்ததே அங்கேதான். எங்கே போவது?

ஏழரைக்கு சப் இன்ஸ்பெக்டர் பத்திநாதன் குறுக்குப் பாதையில் நடந்தே வந்தார். இரண்டு கணுக்காலிலும் அட்டை கடித்து ரத்தம்.

"ராத்திரி எங்கயும் போனீங்களா ஐயா?"

"விடியக்கால பிளேன்டீ குடிக்க வீட்டுக்குப் போனேன் சார். ஒடனே வந்துட்டேன்."

தொரை குறுக்கிட்டார். "அவன் காலப் பாருங்க. உப்பு. குடுவைத் தண்ணி கொட்டியிருக்கு."

உண்மைதான். முத்துலிங்கத்தின் கால்கள் முழங்கால்வரை வெள்ளையாய்ப் பூத்திருந்தன. வினோதா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீங்க, மிலான்?"

"இப்பத்தான் சார் வாறேன். நீங்க வந்த அதே பாதை." வலது கால்சட்டையைத் தூக்கினான். ரத்தம் வழிந்தது.

"அடுத்த கால்?"

மிலான் மெல்ல அதையும் தூக்கினான். இடது காலுறை நனைந்திருந்தது. ஒரு கடிகூட இல்லை.

"தொரை ஜீப்புல போறவரு, அவருக்குத் தெரியாது," என்றார் பத்திநாதன். "மழ நாள்ல மலையேறுற எல்லாருமே அட்டைக்கு உப்புத் தேய்ப்பாங்க. ரெண்டு காலுக்கும் தேய்ப்பாங்க. ஒத்தக் கால மட்டும் அட்டை விட்டு வச்சிருக்குன்னா, அது தேய்ச்ச உப்பு இல்ல, சிந்துன உப்பு. எடுத்தது நீதான் மிலான். குடுவை எங்க?"

மிலான் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "குடுவையக் குடுத்தா கொழும்புல ஒரு கம்பெனியில வேலை தாறேன்னாங்க சார். கொண்டு போறப்ப வழுக்கிட்டேன். கல்லுல பட்டு ஒடைஞ்சு எல்லாம் கானுல போயிருச்சு."

வெளியே வடிகால் கான் மழைத்தண்ணியில் புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா தப்பினார். பூஞ்சணம் தப்பவில்லையே. வினோதா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"அந்தக் காலுறையக் கழட்டு."

"அழுக்கு அக்கா, சேறு, ரத்தம்..."

"இருக்கட்டும். கழட்டு."

புதிதாய் உப்புக் கரைசல் கலந்து, குடுவைத் தண்ணி ஊறிய காலுறையை அதில் போட்டாள். சேற்றில் வந்த மற்றதெல்லாம் உப்பில் அடங்கியது. அடுத்த வாரம் காலுறையின் ஓரத்தில் வெள்ளை நூலாய் ஒன்று எழும்பியது. வினோதா ஒரு கவ்வாத்துக் குச்சியை உள்ளே போட்டுப் பார்த்தாள். நாள் போகப் போகக் குச்சி நைந்தது.

தொரை லயத்தைப் பற்றி அப்புறம் பேசவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. முத்துலிங்கம் வழக்கம்போல உப்புத் தேய்த்துக்கொண்டு காவலுக்கு வந்தார். விடிய விடிய அந்தக் காலுறைக்குக் காவல் இருந்தார்.