எட்டாவது கட்டிலின் திரை

யாரும் படுக்காத அந்தக் கட்டிலில் கை வைத்தபோது விரிப்பு வெதுவெதுப்பாக இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம், ஐப்பசி மழை. போத்தனூர் ஜங்ஷனுக்குள் நுழையும் ரயிலின் நீண்ட ஊதலும், கீழே ஏழு பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும் சலசலப்பும், காயாத துணிகளின் முடை நாற்றமும் அந்த நீளமான படுக்கையறைக்குள் ஒன்றாக ஏறி வந்துகொண்டிருந்தன. அருள்செல்வி கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள். ஏதாவது ஒரு வாண்டு ஏறிப் படுத்திருக்கும், வேறென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்தப் பெண்பிள்ளைகள் இல்லத்துக்கு அவள்தான் காப்பாளர், பிள்ளைகளுக்கு அம்மா. பிரவீனாவை அவள் மாமன் அந்தியூருக்குக் கூட்டிப்போனதும் எட்டுப் பேர் ஏழு பேராகிவிட்டார்கள். "எட்டுக்குக் கொறஞ்சா நம்ம இல்லத்த மூடச் சொல்லிப்போடுவாங்க, செல்வி. பெருசுகள ஒரு பக்கம், சிறுசுகள ஒரு பக்கம் அனுப்பிருவாங்க," என்று நிர்வாகி சத்தியசீலன் போனில் சொன்னபோது, ஆறு வயது எழில் அவள் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். அக்கா லோகப்பிரியாவின் கையைப் பிடிக்காமல் எழிலுக்குத் தூக்கம் வராது. "உங்க ரெண்டு பேரையும் பிரிக்க உடமாட்டேன் கண்ணு," என்று அருள்செல்வி அன்றைக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கொடுத்த வாக்குக்காகப் பதிவேட்டில் இல்லாத ஒரு பிள்ளையையே உண்டாக்கினாள். வாயில் வந்த பெயர் ஜெனிஷா. அதை எழுதிக் காலிக் கட்டிலில் ஒட்டினாள். பிள்ளைகளுக்கு விளையாட்டாக இருந்தது. ஒருத்தி கவுன் கொடுத்தாள், ஒருத்தி சீப்பு, ஒருத்தி தேய்ந்த செருப்பு.

புதன்கிழமை ஆய்வுக்கு வந்த அரசு அதிகாரி அம்மாள் கட்டில்களைச் சுற்றியிருந்த திரைகளைத்தான் முதலில் பார்த்தார். அது அருள்செல்வி வைத்த வழக்கம். பிள்ளைகளுக்குத் தங்களுக்கென்று ஓர் இடம் வேண்டும். வெளியே நின்று 'வரட்டுமா' என்று கேட்டு, உள்ளிருப்பவள் 'வா' என்றால்தான் திரையைத் திறக்கலாம். அதிகாரி மெச்சி எழுதிக்கொண்டார். ஜெனிஷாவுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள் என்றதையும் எழுதிக்கொண்டு போய்விட்டார். அப்பாடா என்று இருந்தது.

இப்போது, துணி எடுக்க மேலே வந்த லோகப்பிரியாவை அருள்செல்வி நிறுத்தினாள்.

"இந்தக் கட்டில்ல யாரு கண்ணு படுத்தது?"

"ஜெனிஷாங்கம்மா."

"அப்படி ஒரு புள்ளையே இல்ல. உனக்குத் தெரியாதா?"

லோகப்பிரியா திரையைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "மத்தியானம் எழில் வெளையாடக் கூப்பிடப் போனாளுங்க. நீங்க சொன்ன மாதிரி வெளிய நின்னு வரட்டுமான்னு கேட்டா. வராதேன்னு சொல்லிப்போட்டுது."

"யாரு சொன்னது?"

"அதுதானுங்க."

பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. இழுத்து விட்டுக்கொண்ட வினை, இன்றைக்கே முடித்துவிட வேண்டும். அவளைக் கீழே அனுப்பிவிட்டுத் திரையைக் கொக்கியிலிருந்து பிடுங்கினாள். கவுன் வேர்வையில் நனைந்திருந்தது. தலையணை நடுவில் அமுங்கி, உறையில் எச்சில் ஈரம். சீப்பில் நீளமான முடி சுற்றியிருந்தது. இல்லத்தில் எல்லாப் பிள்ளைக்கும் பேனுக்குப் பயந்து முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள். அவள் பெயர்ச் சீட்டை நகத்தால் கிழிக்கத் தொடங்கினாள்.

"என்ற எடம் இது."

காதுக்குப் பக்கத்தில். குழந்தைக் குரல். அழவில்லை, கெஞ்சவில்லை. மிரட்டியது.

எத்தனையோ பிள்ளைகளை அந்த வாசலில் கைபிடித்து உள்ளே அழைத்தவள் அருள்செல்வி. யாருக்கும் சொல்லாத வார்த்தையை அப்போது சொன்னாள்.

"உனக்கு இங்க எடம் இல்ல. போயிரு."

சீட்டைச் சுத்தமாகக் கிழித்தாள். கட்டிலை மடக்கி, எல்லாவற்றையும் பக்கத்துச் சாமான் அறையில் போட்டுப் பூட்டினாள். கீழே இறங்கினாள். பாய் விரித்த கூடத்தில் ஐந்து தலைகள்.

"எழில் எங்க? லோகு எங்க?"

"மேல போய்ட்டாங்கம்மா."

மேலிருந்துதானே அவள் வந்தாள். படியில் யாரும் எதிரே வரவில்லை. திரும்ப ஏறினாள். முழங்கால் வலிக்க ஏறினாள்.

அறை இருட்டிக் கிடந்தது. விளக்குப் போட்டாள். ஏழு கட்டில்கள். ஆறு திரைகள் திறந்திருந்தன. எழிலின் திரை மட்டும் மூடியிருந்தது.

இழுத்துத் திறக்கத்தான் நினைத்தாள். கை வரவில்லை.

"எழில். வரட்டுமா கண்ணு?"

மழைச் சத்தம்.

"எழிலு?"

"வாங்கம்மா." லோகப்பிரியாவின் குரல்.

திறந்தாள். லோகப்பிரியா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்திருந்த ஒரு சின்னப் பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். முடி இடுப்புக்குக் கீழே கிடந்தது. எழிலின் கவுன்தான். எழிலின் பாசிமணிதான்.

"எழில் எங்கடி?"

லோகப்பிரியா நிமிர்ந்தாள். முகத்தில் கள்ளமே இல்லை. "எந்த எழிலுங்கம்மா?"

"உன்ற தங்கச்சி."

"இதுதானுங்களே என்ற தங்கச்சி." சிரித்துக்கொண்டே பின்னலை இழுத்து முடிச்சுப் போட்டாள். "அம்மாளப் பாரு சாமி."

அந்தப் பிள்ளை திரும்பியது. வாய் அகலமாகச் சிரித்தது. முன்பின் பார்த்திராத நெற்றி, பார்த்திராத மூக்கு. கண்கள் மட்டும் எழிலுடையவை. அவை அருள்செல்வியை அடையாளம் கண்டு, உள்ளே மாட்டிக்கொண்டு, அழுதுகொண்டிருந்தன.