கராம்புப் படங்கும் புது விமானமும்

அக்குறணைக்கு விமானம் வருகிறதாம்! ஓடுபாதையே இல்லாத ஊருக்கு விமானமா? நம்ப முடியாமல் ஊரே மைதானத்தைச் சுற்றி நின்றது.

றிப்தாவுக்கு மட்டும் வேறு வேலை. மைதானத்து ஓரத்தில் விரித்த நீலத் தார்ப்பாய்ப் படங்கில் காயும் கராம்புக்கு அவள்தான் காவல். உம்மா வருசம் முழுக்கக் காத்திருந்த விளைச்சல் அது. அதை விற்றுத்தான் ஒழுகும் கூரையை மாற்ற வேண்டும்.

"விமானம் இறங்கக் கயிறு கட்டின இடத்துக்கு வெளியதானே இருக்கு, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு உம்மா சமைக்கப் போயிருந்தார்.

"கொழும்பிலயிருந்து கொஞ்ச நேரத்தில வந்திருமாம்!" என்றான் பக்கத்து வீட்டு அஹ்னாப்.

"சும்மா கதை விடாத. பக்கத்தில இருக்கிற கட்டுகஸ்தோட்டைய பஸ்ஸில தாண்டவே நமக்கு அரை நாள் போகுது!" என்றாள் றிப்தா.

அப்போது மலைக்கு மேலே விமானம் தெரிந்தது. இரண்டு இறக்கைகளின் நுனியிலும் பெரிய பெரிய விசிறிகள். மைதானத்தை நெருங்கியதும் அந்த விசிறிகள் மெல்ல மெல்ல வானத்தைப் பார்த்துத் திரும்பின. விமானம் அப்படியே ஆகாயத்தில் நின்றது!

"யா அல்லாஹ்!" றிப்தா திறந்த வாயை மூடவில்லை. நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

ஆனால் மைதானத்தின் அந்தப் பக்கம் விசிறிக் காற்றில் கமுகு மரங்கள் வளைந்தன. யாரோ ஒருவரின் தொப்பி கயிற்றைத் தாண்டிப் பறந்தது. ஐயோ, கராம்பு!

இவ்வளவையும் அள்ள நேரமில்லை. "அஹ்னாப்! எல்லாரும் வாங்க! படங்க மடிச்சு மேல இருங்க!" என்று கத்தினாள்.

பிள்ளைகள் ஓடிவந்தார்கள். ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக் கராம்பின்மேல் படங்கை மடித்தார்கள். ஓரம் முழுக்க நெருக்கி உட்கார்ந்தார்கள்.

அப்பப்பா, என்ன காற்று! கண்ணெல்லாம் தூசி. அஹ்னாபின் செருப்பு ஒன்று பறந்தே போனது. ஆனாலும் யாரும் எழும்பவில்லை. அவ்வளவு பெரிய விமானம், பூனை கால் வைப்பதுபோல மெதுவாகத் தரையில் இறங்கியது. றிப்தாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

விசிறிகள் நின்றதும் உம்மா மூச்சு வாங்க ஓடிவந்தார். படங்கைத் திறந்தார். கராம்பு அப்படியே இருந்தது. றிப்தாவை இழுத்து அணைத்துக்கொண்டார்.

விமானத்திலிருந்து இறங்கிய இஞ்சினியர் சுகிர்தாவும் அங்கே வந்தார்.

"இந்த மாதிரி ஊர்கள்ல ஆட்களை ஏத்தி இறக்க முடியுமான்னு பார்க்கத்தான் வந்தோம். காத்துதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. இங்க என்னென்ன பறந்திச்சு?"

"என்ட செருப்பு!" என்றான் அஹ்னாப்.

"கராம்பு பறக்கல்ல, மிஸ். நாங்க மேல இருந்தோம்" என்றாள் றிப்தா.

சுகிர்தா விழுந்து விழுந்து சிரித்தார். "அப்போ நாங்க இறங்குற ஊருக்கெல்லாம் உங்களையும் கூட்டிட்டுப் போகணும் போலிருக்கே!"

றிப்தா யோசிக்கவே இல்லை.

"வாறோம், மிஸ். எப்ப ஏறுறது?"