லாரிமோர் வீட்டு முன்வாசல்

"எங்கப்பா கட்டில்ல சாகலண்ணே. யாரோ கொண்டாந்து படுக்க வச்சிருக்காங்க."

திங்கட்கிழமை காலை வெர்லீன் லாரிமோர் இப்படிச் சொன்னதும் லியாண்டர் ப்ரூயிட் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். எங்கள் ஊரான ஹார்லோ கிரீக்கில் போலீஸ் சட்டை போட்ட முதல் கறுப்பர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் தெருக்காரர்களுக்கு ஒரு சிக்கல் என்றால் அவர் கதவைத்தான் தட்டுவார்கள். அடுப்படியில் முட்டை பொரித்துக்கொண்டிருந்த அவருடைய கொழுந்தியாள் ஜூனி கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். துப்பு என்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"முதல்லேர்ந்து சொல்லும்மா," என்றார் ப்ரூயிட்.

செத்தவர்களைக் குளிப்பாட்டிப் பெட்டியில் வைத்து அடக்கத்துக்கு அனுப்பும் லாரிமோர் அடக்க இல்லத்தைத் தெரியாதவர் ஜார்ஜியாவில் எங்கள் பக்கத்தில் கிடையாது. வெள்ளைக்காரர்கள் நடத்திய இல்லங்களில் அந்தக் காலத்தில் நம் ஆட்களின் பிணத்தை எடுத்துக்கொள்வதே அபூர்வம், எடுத்தாலும் கொல்லைப்புறமாகத்தான். அந்த வயிற்றெரிச்சலில்தான் வெர்லீனின் தாத்தா, தெருவைப் பார்த்து அகலமான முன்வாசல் வைத்து இந்த வீட்டைக் கட்டினார். அவர் மகன், அதாவது வெர்லீனின் அப்பா ஒபதியா, பருத்திக் காட்டில் கூலி வேலை செய்து செத்தவனைக்கூட ராஜா மாதிரி அனுப்பிவைத்தார். அப்பேர்ப்பட்ட மனிதர் போய்ச்சேர்ந்ததில் இப்படி ஒரு சந்தேகம் வந்ததே என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

வெர்லீன் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "நேத்து நான் சபைக்குப் போயிருந்தேன். அப்பா மாடியை விட்டு இறங்கி மாசக்கணக்காச்சு. அப்பாவைப் பாத்துக்கன்னு நம்ம வேலையாள் ராஸ்கோகிட்டச் சொல்லிட்டுத்தான் போனேன். ஆராதனை முடிஞ்சு வந்தா, அப்பா நீட்டிப் படுத்திருக்காரு. கை ரெண்டும் நெஞ்சு மேல. தாடைக்குக் கீழ துண்டைச் சுருட்டி வச்சிருக்கு. அலமாரியில இருந்த மேசைத் துணியை எடுத்துக் கண்ணாடியை மூடியிருக்கு. கூடத்துக் கடிகாரத்தை நிறுத்தியிருக்கு. சாவு வீட்டுல நாம செய்யற முறை அத்தனையும் யாரோ செஞ்சிருக்காங்க. ராஸ்கோவை ஆளையே காணோம்!"

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"மாரடைப்புன்னாரு. ஆனா கட்டிலுக்குக் கீழ இருந்த அப்பாவோட செருப்பு அடியில செம்மண்ணு! சனிக்கிழமை மழைச் சேறு. நடக்க முடியாத மனுஷனை வெளிய இழுத்துப் போயிருக்கானே, படுபாவி! சாயங்காலத்துக்குள்ள எனக்குப் பதில் கிடைக்கலேன்னா ராஸ்கோ மேல புகார் கொடுத்துடுவேன்."

"உன் தம்பி ஆமோசுக்குச் சொல்லியாச்சா?"

அவள் முகம் கல்லானது. "அவனுக்கு எதுக்குச் சொல்லணும்?"

அது ஊரறிந்த சண்டை. எங்கள் சிறிய அடக்க இல்லங்களையெல்லாம் விலைக்கு வாங்கிப் போடும் பெரிய கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து அட்லாண்டாவுக்குப் போனவன் ஆமோஸ். சில வருஷம் முன்பு இந்த வீட்டையும் விற்றுவிடலாம் என்று பேச வந்தான். வெர்லீன் முன்வாசலை மறித்து நின்று, "அப்பா பொணம் விழுந்தாத்தான் நீ இந்தப் படி ஏறணும்" என்று கத்தினாள். தெருவே கேட்டது.

வீட்டில் ப்ரூயிட் முதலில் பிணத்தைப் பார்க்கவில்லை, கொல்லையைத்தான் பார்த்தார். பின்கதவுக்கு எதிரே சில அடி தூரத்தில் வண்டிக் கொட்டகை. இடையில் செம்மண் வெயிலில் காய்ந்து இறுகியிருந்தது. பின்கதவிலிருந்து கொட்டகைக்கு வீட்டுச் செருப்பின் தடம் போயிற்று. குட்டிக் குட்டி எட்டுகள், பக்கத்திலேயே கைத்தடி குத்திய குழிகள். திரும்பி வந்த செருப்புத் தடம் இல்லை.

"யாரும் இழுத்துட்டுப் போகல. தானா நடந்திருக்காரு," என்றார்.

"அத்தான், இங்க பாருங்க!" ஜூனி கொட்டகையின் பக்கவாட்டில் குந்தியிருந்தாள். பெரிய ஷூ தடம் ஒன்று, தெருவிலிருந்து வீட்டைச் சுற்றி வந்து, அதே வழியாக முன்வாசலுக்குத் திரும்பியிருந்தது. "வரும்போது லேசா இருக்கு, போகும்போது ஆழமாப் புதைஞ்சிருக்கு. தூக்கிட்டுப் போயிருக்கான்!"

"சபாஷ்."

"ஆனா பைத்தியக்காரனா இருப்பான் போல. பின்கதவு இந்தா மூக்குக்கு முன்னால இருக்கு. பெரியவரு கனத்த உடம்பு. அவரைச் சுமந்துக்கிட்டு எதுக்கு வீட்டைச் சுத்தினான்?"

"அதை மட்டும் யோசிச்சுக்கிட்டே இரு," என்று சொல்லிவிட்டு ப்ரூயிட் கொட்டகைக்குள் போனார். பிணம் ஏற்றும் நீளமான கறுப்பு வண்டி பளபளவென்று நின்றது. சாவி வண்டியிலேயே இருந்தது. பெரியவரின் கைத்தடி, ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் சாய்ந்திருந்தது.

பிணங்களைக் குளிப்பாட்டி உடுத்தும் ராஸ்கோ முந்தின இரவே திரும்பியிருந்தான்; கூடத்து மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். போன வாரம் ஏணியிலிருந்து விழுந்ததில் வலது கை கழுத்தில் மாட்டிய துணித் தூளியில் தொங்கியது.

"பெரியவர்தான் என்னை மீன் பிடிக்கப் போடான்னு துரத்துனாரு சார். ஒத்தைக் கையை வச்சுக்கிட்டு எப்படிய்யா பிடிக்கிறதுன்னேன். 'மீனுக்குக் கையே கிடையாது, நீ ஜெயிச்சுடுவே, போ'ன்னு சிரிச்சாரு. அந்தச் சிரிப்பைப் பாத்துட்டுப் போனேனே... போயிருக்கக் கூடாது."

ப்ரூயிட் அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கூடத்துத் தொலைபேசியில் அட்லாண்டாவுக்குப் பேசினார். "ஆமோஸ், ப்ரூயிட் பேசறேன். அப்பா தவறிட்டாரு." அந்தப் பக்கமிருந்து "வரேன்," என்று மட்டும் கேட்டது.

வெயில் தாழ்ந்த நேரத்தில் ஆமோஸ் வந்தான். படியேறாமல் கீழேயே தொப்பியைக் கழற்றி நின்றான். வெர்லீன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். ராஸ்கோவையும் அழைத்து வந்து நிறுத்திய ப்ரூயிட், நடுப்படியில் நின்று பேச ஆரம்பித்தார்.

"வெர்லீன், உயிரோட இருக்கிறவரைத் தூக்கினவன் பின்கதவு வழியாத்தான் உள்ள ஓடியிருப்பான். உங்கப்பா கொட்டகையிலேயே செத்துட்டாரு. தூக்கினவனுக்கு அது தெரிஞ்சிருக்கு. அதான் சேத்துல வீட்டைச் சுத்திக்கிட்டு இந்த வாசல் வழியா வந்திருக்கான். செத்தவங்க பின்கதவு வழியா வரவும் கூடாது போகவும் கூடாதுங்கிறது யாரு வச்ச சட்டம்?"

"எங்க தாத்தா," என்றாள் வெர்லீன். குரல் இறங்கியிருந்தது. "அது ராஸ்கோவுக்கும் தெரியுமே!"

"தெரியும். ஆனா தடம் ஒரே ஆளோடது. ஒத்தைக் கையால அந்த உடம்பைத் தூக்க முடியுமா? தாடைக்குத் துண்டு வைக்கத் தெரிஞ்சவன், மேசைத் துணி எந்த அலமாரியில இருக்குன்னு தெரிஞ்சவன், இந்த வீட்டுலயே பிறந்து வளர்ந்தவன். ராஸ்கோவை அனுப்பி வச்சது உங்கப்பா. அவனைத் தனியாச் சந்திக்க ஆசைப்பட்டிருக்காரு. இன்னிக்கு நான் போன்ல அப்பா தவறிட்டாருன்னு சொன்னேன். எப்போ, எப்படின்னு ஆமோஸ் கேக்கவே இல்ல. தெரிஞ்சவன் எதுக்குக் கேக்கணும்?"

ஜூனி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆமோஸ் தொப்பியின் விளிம்பைத் திருகிக்கொண்டே பேசினான்.

"அப்பாதான் கூப்பிட்டாரு. நீ சபையில இருக்கிற நேரம் பாத்து வான்னாரு. வந்தா வண்டியில உக்காந்திருக்காரு. 'காலம் பூரா ஓட்டுனேன். அடுத்த தடவை பின்னால படுத்துக்கிட்டுத்தான் போவேன், ஒண்ணும் தெரியாது. ஆத்தோரமா ஒரு சுத்து கூட்டிட்டுப் போடா'ன்னாரு. நான் பெரிய இவன் மாதிரி, முதல்ல பேசிடலாம்ப்பான்னேன். கம்பெனி, விலை, லாபம்னு பேசிக்கிட்டே இருந்தேன். அவரு ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தாரு. பேசி முடிச்சு, சரி போலாமான்னு திரும்பிப் பாக்கறேன்... தலை சாஞ்சிருச்சு." அவன் கொட்டகைப் பக்கம் பார்த்தான். "ஒரு சாவியைத் திருப்ப எனக்கு எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

"எனக்காக ஏன்டா காத்திருக்கல?" வெர்லீன் கத்தினாள். "சொல்லாம கொள்ளாம ஓடிட்டியே!"

"நீதானேக்கா சொன்ன, அப்பா பொணம் விழுந்தாத்தான் நான் இந்தப் படி ஏறணும்னு." அவன் நிமிர்ந்து பார்த்தான். "அதைத் தூக்கிக்கிட்டுத்தான் ஏறினேன். உன் முகத்தை எப்படிப் பாப்பேன்?"

வெர்லீன் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறோம். அது ஒருநாள் நம் வாசலுக்கே வந்து நிற்கும் என்று யார் நினைக்கிறோம்? ப்ரூயிட்டுக்கும் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் துளிகூட இல்லை. ஜூனியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

சனிக்கிழமை ஒபதியா லாரிமோரின் பெட்டி முன்வாசல் வழியாக வெளியே வந்தது. ஊர் மொத்தமும் தெருவில் நின்றது. வெர்லீன் வண்டிச் சாவியை ஆமோசின் கையில் வைத்துவிட்டு, அப்பா உட்கார்ந்திருந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் வந்து..." என்று ஆமோஸ் ஆரம்பித்தான்.

"எதுவும் பேசாத. சாவியைத் திருப்பு."

திருப்பினான். கல்லறைக்கு நேர்வழி இருந்தும், வண்டி ஆற்றோரமாகச் சுற்றிக்கொண்டு போயிற்று.