வளைவில் பூசிய பனி

ஓவியத்திலிருந்த பனி மட்டும் காயவில்லை.

காலையில் பூசியது. அக்ரிலிக் சாயம். மலையில் எவ்வளவு ஈரமிருந்தாலும் ஹேர் டிரையரைக் காட்டினால் டீ ஆறுவதற்குள் இறுகிவிடும். வானம், மலை, தேயிலை வரிசை, அதற்குள் வளைந்து இறங்கும் தோட்டத்துச் சாலை எல்லாம் நன்றாகக் காய்ந்திருந்தன. வளைவில் அப்பிய வெள்ளை மட்டும் சாயங்காலமாகியும் சில்லென்று நனைந்து கிடந்தது. ஃபௌசியா விரலை வைத்துப் பார்த்தாள். விரலில் சாயம் ஒட்டவில்லை. ஈரம் ஒட்டியது.

கேமரன் மலையில், தானா ராத்தா ஊரில் அவள் கணவரின் சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருந்த அறை அது. கணவர் சரக்கெடுக்க ஈப்போவுக்கு இறங்கியிருந்ததால் கீழே கடை அடைத்திருந்தது; வழக்கமாக மாடிப்படி ஏறிவரும் மீன்கறி வாசமும் கிளாஸ் கழுவும் சத்தமும் இன்றில்லை. சாயத்தின் புளித்த நெடி மட்டும் அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

அவள் வரைவது உள்ளங்கை அகலப் படங்கள். கான்வாஸ்களைச் சுவரோரம் வரிசையாகச் சாத்தி, எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் வானம் இழுப்பாள், அடுத்த மூச்சில் மலை. கீழே கடையில் ரொட்டி சானாய்க்கு மாவு வீசுகிறவருக்கும் அவளுக்கும் பெரிய வித்தியாசமில்லை. கை தவறினால் அதன்மேல் பனிமூட்டம் பூசிவிடுவாள். கேமரன் மலையில் பனி பூசிய படத்தைத் தப்பென்று சொன்ன சுற்றுலாக்காரர் இன்னும் பிறக்கவில்லை. விலையைக்கூடக் கொஞ்சம் ஏற்றிக் கேட்கலாம்.

மனித உருவம் மட்டும் வரையமாட்டாள். ஜவுளிக்கடை வைத்திருந்த, அவளைப் பெற்ற அத்தா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "மலையப் போடு, மரத்தப் போடு. ஆளப் போடாத புள்ள. உருவம் கொடுத்தவள்ட்டதான் மறுமையில உசுரையும் கேப்பாங்க."

இன்று காலையில், வாசலில் அவள் போட்டிருந்த மேசைமுன் ஒரு பெண் வந்து நின்றாள். கோலாலம்பூர்க்காரி, பெரிய கறுப்புக் கண்ணாடி.

"என்னக்கா, ரோடு இருக்கு, நடக்க ஒரு ஆளக் காணோம்? எழவு வீடு மாதிரி இருக்குலா."

"ஆளு போட்டா வெல வேற."

"போடுங்க, பாப்போம்."

அத்தாவின் சொல்லும் அத்தாவின் வியாபார ரத்தமும் ஒரு நொடி மல்லுக்கு நின்றன. ரத்தம் ஜெயித்தது. அந்த நேரம் பார்த்து மகள் நஜிஹா, தோட்டத்து டீக்கடைக்குக் கொடுக்க வேண்டிய படங்களைப் பையில் போட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டிருந்தாள். தலையில் சிவப்பு முக்காடு. ஃபௌசியா அவளைப் பார்த்தபடியே வளைவில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள். கீழே நீலத்தில் ஓர் இழுப்பு. முடிந்தது.

"ஐயே, எறும்பு ஊருற மாதிரி இருக்கு. பாதி வெலைக்குத் தாங்க."

"பாதி வெலைக்கு நீங்களே வரஞ்சுக்கங்க."

கறுப்புக் கண்ணாடி போய்விட்டது. ஃபௌசியா எரிச்சலோடு தூரிகை நிறைய வெள்ளையை எடுத்து அந்த உருவத்தின்மேல் அப்பினாள்.

நஜிஹா மதியச் சோற்றுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. போனிலும் கிடைக்கவில்லை. சாயங்கால அஸர் தொழுகை முடித்து ஜன்னலைப் பார்த்தபோது எதிர்வரிசைக் கடைகள் பளிச்சென்று தெரிந்தன, மேலே மலைமுகடு தெரிந்தது. ஊரில் எங்கும் பனி இல்லை.

போன் அடித்தது.

"ம்மா..."

"எங்கடி இருக்க? எத்தன வாட்டி கூப்புடுறது!"

"தோட்டத்து வளைவுலதான்மா. காலைலேருந்து இங்கயேதான். பயங்கரப் பனி. மோட்டார நிறுத்திட்டு நடக்குறேன், எந்தப் பக்கம் நடந்தாலும் அதே வளைவுக்கே வருது."

"பனியா? இங்க வெயிலடிக்குது."

"பனி மாதிரி இல்லம்மா. கனமா இருக்கு. மூச்சு இழுக்க முடியல." நஜிஹா இருமினாள். "பெயிண்டு வாடை வருது."

ஃபௌசியாவின் கை தானாகப் படத்துக்குப் போனது. ஈர வெள்ளையின்மேல் விரல் பட்டது.

"ம்மா! மேலேருந்து என்னமோ அமுக்குச்சு!"

விரலை இழுத்துக்கொண்டாள். 

"தங்கம், அசையாத. அங்கயே நில்லு. அம்மா பாத்துக்குறேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டுப் படத்தருகே வைத்துவிட்டு, நனைந்த துணியால் துடைத்தாள். வரவில்லை. சோப்புத் தண்ணீர். வரவில்லை. மேலே ஈரமும் அடியில் கல்லுமாக இருந்தது அந்த வெள்ளை. பென்சில் சீவும் கத்தியை எடுத்தாள். முனையைப் படுக்கப் போட்டு, வெள்ளையின் ஓரத்தில், மெல்லச் சுரண்டினாள். தூள் உதிர்ந்தது.

"வெளிச்சம் வருதும்மா."

"அல்ஹம்துலில்லாஹ். ரோடு தெரியுதா?"

"கொஞ்சம். செடி தெரியுது."

இன்னும் சுரண்டினாள். வெள்ளைக்கு அடியில் பச்சை. பச்சைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு மினுக்கம்.  மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஓர் இழுப்பு.

"இப்ப?"

போனின் பக்கம் குனிந்தாள்.

"நஜிஹா, இப்ப?"

"பனி போயிருச்சும்மா." குரல் மெலிந்திருந்தது. "ரோடும் போயிருச்சு."

"என்னடி சொல்ற?"

"செடியும் இல்ல. எல்லாம் வெள்ளை. காலுக்குக் கீழ துணி மாதிரி இருக்கு. நூலு நூலா... ம்மா, மேல பாரேன். என்னமோ பளபளன்னு..."

ஃபௌசியா படத்தைப் பார்த்தாள். வளைவு இல்லை. சுரண்டிய இடத்தில் வெறும் கான்வாஸ் இழைகள். சிவப்பு இல்லை. நீலம் இல்லை.

"நஜிஹா?"

போன் எப்போதோ அணைந்திருந்தது. கறுத்த திரை.

ஆனால் இருமல் கேட்டது. பக்கத்தில். மிகப் பக்கத்தில்.

கத்தியைக் கண்ணருகே கொண்டுவந்தாள். முனையில் ஒரு துகள் ஒட்டியிருந்தது. கடுகைவிடச் சின்னது. சிவப்பு.

"ம்மா," என்றது.

ஜன்னல் திறந்திருந்தது. சாத்தவேண்டுமானால் நகரவேண்டும். நகர்ந்தால் கை ஆடும். வாயை இறுக மூடினாள். மூச்சு விடவில்லை. மலையிலிருந்து சாயங்காலக் காற்று இறங்கிவந்து திரைச்சீலையின் நுனியை மெதுவாகத் தூக்கியது.