நீலப்புருவக் குக்குறுவானின் துணை

வழிகாட்டி வில்மர் பெட்டியை ஏரிக்கரை மரத்தின் தாழ்ந்த கிளையில் மாட்டிவிட்டுப் படகைப் பின்னுக்குத் தள்ளினான். பெட்டி கூவத் தொடங்கியது.

“இப்பொழுது அது வருகை தரும்,” என்றான். அவன் பேசியது ஸ்பானிஷ். கழுத்தில் தொங்கிய மொழிமாற்றி அதைச் செய்தி வாசிப்பவரின் தமிழில் சொன்னது. அமேசான் காட்டுக்குள் இப்படி ஒரு சுத்தத் தமிழா என்று அமல்ராஜுக்குச் சிரிப்பு வந்தது. தூத்துக்குடியில் பல் வைத்தியம் பார்த்தவர் அவர். வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு பேசுகிறவர்களின் தமிழ்தான் அவருக்குப் பழக்கம்.

“இடப்பக்கம் பாருங்க,” என்றாள் மனைவி ஸ்டெல்லா, அவர் காதுக்குள். “தொப்பிய நேரா வைங்க, வெயிலு மூஞ்சில அடிக்கப் போவுது. கேக்கியளா?”

ஸ்டெல்லா இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

குரல்வார்ப்பி முதலில் இந்தப் பெட்டி வடிவில் பறவைகளுக்காகத்தான் வந்தது. பதிவுசெய்த கூவலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைப்பது பறவை பார்ப்பவர்களின் பழைய வழக்கம். ஆனால் ஒரே கூவலைக் கேட்டுக் கேட்டுப் பறவைக்கும் சலித்துவிடும். குரல்வார்ப்பிக்கு அந்தச் சிக்கல் இல்லை. கொஞ்சம் பதிவு கிடைத்தால் போதும், அதே குரலில் புதிது புதிதாகக் கூவும், பதில் சொல்லும், கொஞ்சும். பிறகு யாருக்கோ மனிதர்களின் நினைவு வந்தது. குரலுக்கு உரியவர் இருக்கிறாரா, போய்விட்டாரா என்றெல்லாம் அது கேட்பதில்லை. குரல் இருந்தால் சரி, காதில் மாட்டிக்கொள்ளலாம்.

ஸ்டெல்லா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு உப்பளத்துக்குப் பூநாரை பார்க்கப் போகிறவள். நீலப்புருவக் குக்குறுவான் என்ற இந்தக் காட்டுப் பறவையை ஒரு தரமாவது பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவள். அதற்காகத்தான் காக்கையைத் தவிர வேறு எதையும் பெயர் சொல்லி அழைக்கத் தெரியாத மனிதர் இவ்வளவு தூரம் வந்து கொசுக்கடி பட்டுக்கொண்டிருந்தார்.

மகள் பெனிட்டா அருகே நகர்ந்து உட்கார்ந்தாள். கணவனைச் சென்னையில் விட்டுவிட்டு அவள் மட்டும் அப்பாவோடு வந்திருந்தாள்.

“அப்பா, ஒரு விஷயம் சொல்லணும். நானும் ராபினும்...”

“பொறும்மா, அம்மா என்னமோ சொல்லுதா.”

அவர் விரல் காதுக்குப் போயிற்று. விமானத்திலும் இப்படித்தான், விடுதியிலும் இப்படித்தான். பெனிட்டா தண்ணீரைப் பார்க்கத் தொடங்கினாள்.

பறவை வந்தது. கைக்குள் அடங்கும் உடம்பு, கண்ணுக்கு மேலே மை தீட்டியதுபோல் நீலக்கோடு. பெட்டிக்கு அருகே உட்கார்ந்து கழுத்தை உப்பிக்கொண்டு கூவியது. பெட்டி பதில் கூவியது. அப்போது ஏரியின் அக்கரையிலிருந்து இன்னொரு கூவல் கேட்டது. கரகரத்த குரல், பாதியில் உடைந்துபோனது. பறவை தலையைத் திருப்பியது. வில்மர் துடுப்பை அசைக்காமல் பிடித்துக்கொண்டான். பெட்டி மறுபடி இனிமையாகக் கூவ, பறவை அதை நோக்கித் தத்திப் போனது.

“அக்கரையில் இருப்பது உண்மையான பெண்பறவை,” என்றான் வில்மர். “நாங்கள் அறிந்தவரை எஞ்சியிருப்பது அவள் ஒருத்தியே. ஆண்களில் எஞ்சியவன் இவன்.”

“பெறவு ஏன் இவன் அங்க போவல?” என்று கேட்டார் அமல்ராஜ்.

“பெட்டியில் இருப்பது பாம்புக்கு இரையான இவனது பழைய துணையின் குரல். அது பிணங்குவதில்லை. அழைத்தவுடன் விடையளிக்கிறது. அக்கரையில் இருப்பவள் அவ்வாறு அல்லள்.”

“அப்ப பெட்டிய அணைச்சுப் போடுங்களேன்!”

“அணைத்துப் பார்த்தோம். பெட்டியின் மீதே அமர்ந்திருந்தான். இரை எடுக்கவில்லை. இறந்துவிடுவான் என்று அஞ்சி மீண்டும் முடுக்கினோம்.”

பெனிட்டா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, அதக் கொஞ்ச நேரம் கழட்டி வைங்க. எங்கூடப் பேசுங்க.”

கழற்றத்தான் கையைக் கொண்டுபோனார்.

“பாவங்க அந்தப் பறவ,” என்றாள் ஸ்டெல்லா. குரல் தழுதழுத்தது.

அழுகிறவளை எப்படிக் கழற்றி வைப்பது? அமல்ராஜ் கையை இறக்கிவிட்டார்.

மறுநாள் காலையில் அக்கரை கூவவில்லை. வில்மர் பெட்டியை மாட்டாமல் வெகுநேரம் காத்திருந்தான். மரங்கொத்தி ஒன்று தட்டிவிட்டு ஓய்ந்தது. வேறொன்றும் இல்லை.

“பதில் கிடைக்காவிடில் ஒருநாள் அவை கூவுவதை நிறுத்திக்கொள்ளும்,” என்றான். மொழிமாற்றி அதையும் செய்தி போலவே வாசித்தது. வில்மரின் கண்கள் மட்டும் கலங்கியிருந்தன.

எல்லோர் காதிலும் விழுந்த குரல், அந்த ஆண்பறவையின் மனசுக்கு மட்டும் எட்டவில்லையே என்று அமல்ராஜுக்குப் பொறுக்க முடியாத துக்கமாக இருந்தது. தானும் அப்படித்தானே இருக்கிறோம் என்பது பிறகுதான் உறைத்தது.

“நாளைக்குக் கூவும்ங்க, வெசனப்படாதிய,” என்றாள் ஸ்டெல்லா.

அவர் அவளைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார். ஏரியின் சத்தமெல்லாம் ஒரேயடியாகக் காதுக்குள் வந்து விழுந்தது. அதனூடே மகளின் குரலும் கேட்டது. பெனிட்டா படகின் முன்முனையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

“ராபின் போயிட்டாருப்பா. தனியா வீடு பாத்துட்டாரு... ஆமாப்பா, ஒங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியல... நான் நம்ம வீட்டுக்கே வந்துரட்டுமா?”

பேச்சு நின்றது. அவள் தோள் குலுங்கியது.

“சரிப்பா. சாப்ட்டேன்ப்பா. இல்ல, அழல.”

அமல்ராஜ் அவள் காதைப் பார்த்தார். தன் சட்டைப்பையில் கிடப்பதைப் போலவே ஒன்று அங்கே இருந்தது. அவள் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் தினமும் அவர் அனுப்பிய குரல்செய்திகள் நினைவுக்கு வந்தன. சாப்ட்டியாம்மா, ஒடம்பு நல்லாருக்கா, எப்ப வாரே என்று எத்தனை எத்தனையோ. எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

“பெனி!”

வெகுநாளாக அவளைச் சத்தமாகக் கூப்பிடாத தொண்டை. குரல் கரகரத்துப் பாதியில் உடைந்தது.

அவள் தலையைத் திருப்பினாள். அவரைப் பார்த்தாள். அவருக்கு வார்த்தை உடனே வரவில்லை. அதற்குள் அவள் விரல் காதுக்குப் போயிற்று.

“கொஞ்சம் பொறுங்க,” என்றாள் அவரிடம். “அப்பா பேசுதாங்க.”